வெள்ளிக்கிழமை மட்டும் இனித்த வாவி

ஒரு பிழைக்கு ஒருவர் மட்டும் காரணம் சொன்னால் யாராவது சந்தேகப்படுவார்கள். மூன்று துறைக்காரர்கள் சேர்ந்து மூன்று காரணம் சொன்னால் அது கண்டுபிடிப்பாகிவிடும். இதை நான் கெம்பஸ் மூன்றாம் வருடத்தில், ஒரு வெள்ளிக்கிழமை முற்பகலில், வாவிக்கு மேற்கே படுவான்கரையில் ஒரு மிளகாய்த் தோட்டத்து வரம்பில் நின்றபடி படித்தேன்.

அந்த வருடம்தான் பீடங்களைக் கலந்து ஒரு புதிய பாடம் தொடங்கினார்கள். வெவ்வேறு துறை மாணவர் மூவர் ஒரு குழு. மாவட்டத்தில் யாருக்காவது உண்மையாகவே இருக்கிற ஒரு பிரச்சினையைப் பிடித்து, விஞ்ஞான முறையில் தீர்த்துக் கொடுக்க வேண்டும். எங்கள் குழுவில் விவசாயம் படித்த தர்ஷினி, கணினி படித்த காத்தான்குடி றிஸ்வான், வரலாறு படித்த நான். (விஞ்ஞானப் பாடத்துக்கு வரலாற்றுக்காரன் எதற்கு என்று நானும் கேட்டேன். "எழுதி வைக்க" என்றார் பொறுப்பான மெடம்.) எழுதி வைப்பதில் நான் கெட்டிதான். வீட்டில் காஸ் சிலிண்டர் மாற்றிய திகதியைக்கூடக் குறித்து வைக்கிற ஆள்.

எங்களுக்குக் கிடைத்தது பூபாலபிள்ளை அண்ணனின் பிரச்சினை. வாய்க்கால், கடலோடு கலக்கிற வாவியில் விழுகிற இடத்தில் அவருக்கு மிளகாய்த் தோட்டம். கிணறு வற்றுகிற மாதங்களில் அங்கிருந்துதான் பம்ப் வைத்து இறைக்க வேண்டும். அந்தத் தண்ணீர் சில நாள் நல்ல தண்ணீர், சில நாள் உப்பு. உப்பு நாளில் இறைத்ததால் முந்திய வருடம் தோட்டம் முழுவதும் கருகிப்போனது. இந்த முறையும் போனால் தோட்டத்தை விட்டுவிட்டு மேசன் வேலைக்குப் போவதாக இருந்தார்.

"வாயில வச்சுப் பாக்கிறல்லையா அண்ணன்?" என்று தர்ஷினி கேட்டாள்.

"வெத்திலை போட்டுப் போட்டு நாக்குச் செத்துப் பெயித்து, புள்ள. எனக்கு இப்ப பாயாசமும் ரசமும் ஒண்டுதான்."

றிஸ்வான் ஒரு மிதவை செய்தான். உப்பை அளக்கிற கருவியும் ஒரு சிம்மும் உள்ளே. அதன் எண்ணுக்கு மிஸ்ட் கோல் கொடுத்தால் 'உப்பு' அல்லது 'நல்ல தண்ணீர்' என்று குறுஞ்செய்தி வரும். உடைந்தால் மாற்றுவதற்கு அதே மாதிரி ஒரு வெறும் கூடும் செய்து, பாரத்துக்கு மணல் நிரப்பினான். தண்ணீர் உள்ளே போகிறதா என்று பார்க்க இரண்டையும் எங்கள் வீட்டுக் கிணற்றடியில் ஒரு வாளிக்குள் போட்டேன். அம்மாவிடம் கண்டிப்பாகச் சொன்னேன்: "இது கெம்பஸ் சாமான். என்ன நடந்தாலும் தண்ணிய விட்டு எடுக்கப்படா."

உண்மையான மிதவையில் நான் ஒட்டிய லேபலில் திகதி ஒரு இடத்தில் வெட்டித் திருத்தியிருந்தது. மறுநாள் வாவியில் இறக்கப்போகிற கருவியில் வெட்டலும் திருத்தலுமா? எனக்கு மனம் ஒப்பவில்லை. லேபலை உரித்தேன். புதிதாக, அழகாக எழுதினேன். மை காயும்வரை காத்திருந்தேன். பிறகு மிகக் கவனமாக அதை மணல் நிரப்பிய கூட்டில் ஒட்டினேன்.

அந்தக் கூட்டைத்தான் வாவியில் இறக்கினோம். மிஸ்ட் கோல் கொடுத்தோம். செய்தி வந்தது. மூவரும் கைகொடுத்துக்கொண்டோம்.

தினமும் மதியம் செய்தி எடுத்து எழுதினேன். 'உப்பு' என்றே வந்துகொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை மட்டும் 'நல்ல தண்ணீர்'. அடுத்த வெள்ளியும் அப்படியே. அதற்கடுத்ததும்.

தர்ஷினி யோசித்துச் சொன்னாள்: "மேல் வட்டையில வியாழக்கிழமை மடை திறக்கிறாங்க போல. வயல் தண்ணி அடுத்த நாள் இங்க வந்து சேருது."

"இல்ல," என்றான் றிஸ்வான். "வெள்ளிக்கிழமை எங்கட ஆக்கள் ஜும்ஆவுக்குப் போவாங்க. தோணியெல்லாம் கரையில. எஞ்சின் கலக்காட்டி உப்பு அடியில படிஞ்சிரும்."

நான் ஒல்லாந்தர் காலத்து மதகு ஒன்று வாவிக்கடியில் இன்னும் வேலை செய்யலாம் என்று, அடிக்குறிப்புகளோடு இரண்டு பக்கம் எழுதினேன். (அந்தப் பக்கங்கள் இப்போதும் என்னிடம் இருக்கின்றன. காட்ட மாட்டேன்.) நேரில் போய்த் தண்ணீரை அளந்து பார்ப்பது றிஸ்வானின் கணக்கில் தர்ஷினியின் வேலை, தர்ஷினியின் கணக்கில் றிஸ்வானின் வேலை. இரண்டு பேர் கணக்கிலும் நான் எழுதுகிறவன்.

மதிப்பீட்டு நாளை வெள்ளிக்கிழமையாகக் கேட்டு வாங்கினோம். மெடமும் இன்னொரு விரிவுரையாளரும் வந்திருந்தார்கள். மதிப்பீட்டுக்கு முன் இறைக்க வேண்டாம் என்ற எங்கள் சொல்லை நம்பி, அண்ணன் அன்றுவரை பம்பைத் தொடாமல், கிணற்றில் ஊறுகிற கொஞ்சத்தைத் தெளித்துக்கொண்டிருந்தார். கன்றுகள் தலை தொங்கி நின்றன.

மிஸ்ட் கோல் கொடுத்தோம். 'நல்ல தண்ணீர்.' அண்ணன் பம்பை இழுத்து ஸ்டார்ட் பண்ணினார். தண்ணீர் வாய்க்கால் வழியே முதல் வரிசைக்குள் போனது.

மெடம் படம் எடுக்க மிதவையைக் கேட்டார். றிஸ்வான் தூக்கி வந்து கையில் கொடுத்தான். அந்த நேரம் பார்த்து மற்ற விரிவுரையாளர், தானும் ஒருமுறை பார்ப்போமே என்று மிஸ்ட் கோல் கொடுத்தார். மிதவை மெடத்தின் கையில் வெயில் காய்ந்துகொண்டிருக்க, அவருடைய போனில் வந்தது: 'நல்ல தண்ணீர்.'

மெடம் மிதவையைக் காதருகில் வைத்துக் குலுக்கினார். மணல் சத்தம் கேட்டது.

"வரலாறு," என்றான் றிஸ்வான் மெதுவாக. (என்னை அப்படித்தான் கூப்பிடுவான்.) "மற்றது எங்கடா?"

தர்ஷினி உப்பு அளக்கிற கைக்கருவியை எடுத்துக்கொண்டு வாய்க்காலுக்கு ஓடினாள். "உப்பு அண்ணன், நிப்பாட்டுங்க." அவர் அதற்குள் மண்வெட்டியால் வரம்பை வெட்டி, தண்ணீரை வெளியே திருப்பிவிட்டார். நான் வீட்டுக்குக் கோல் எடுத்தேன். மெடம் ஸ்பீக்கரில் போடச் சொன்னார்.

"அம்மா, வாளிக்குள்ள கிடந்தது எங்க?"

"சட்டிக்குள்ள. எனக்கு வாளி வேணும்தானே. நீதானே மனே தண்ணிய விட்டு எடுக்கப்படா எண்டு சொன்ன. தண்ணி இருக்கிற சட்டியாப் பாத்துத்தான் வைக்கன்."

"அதுக்குள்ள என்ன தண்ணி?"

"அரிசி களைஞ்ச தண்ணி."

"நேத்து?"

"கருவாடு ஊறப்போட்ட தண்ணி. மீன் விக்கிற விலைக்கு நாளும் கருவாடுதானே. இண்டைக்கு வெள்ளிக்கிழமையெல்லே, ஆரு கருவாடு ஆக்குற?"

மிதவை கருவாட்டுச் சட்டியில் மிதந்ததை நானும் ஓரிரு நாள் கண்டிருக்கிறேன். வெறும் கூடுதானே என்று சாப்பிடப் போய்விட்டேன்.

மெடம் கேட்டார்: "அப்ப அந்த ஒல்லாந்தர் மதகு?"

பின்னேரம்வரை மூவரும் பக்கத்துக் கிணற்றிலிருந்து வாளி சுமந்து முதல் வரிசையைக் கழுவினோம். அந்த வரிசை பாதி போனது. மற்றவை தப்பின. அடுத்த நாள் உண்மையான மிதவையை இறக்கினோம். (கருவாட்டு வாசம் போகவே இல்லை.) நல்ல தண்ணீர் நாள்கள் அதற்கென்று ஒரு கிழமை பார்க்காமல் வந்தன, அண்ணன் இறைத்தார், அந்த வருடம் மிளகாய் ஆய்ந்தார். பாடத்தில் எங்களுக்குச் சாதாரணச் சித்தி, வெறும் பாஸ். மெடத்தின் குறிப்பு: 'மூன்று துறைகள் முழு ஒற்றுமையோடு ஒரு சட்டியை ஆராய்ந்துள்ளன.'

வீட்டில் இப்போதும் வெள்ளிக்கிழமை என்ன கறி என்று அப்பா கேட்டால், "இண்டைக்கு வாவி சைவம்" என்பார் அம்மா. அது பரவாயில்லை. மிதவை இன்றும் சரியாக வேலை செய்கிறது, செய்தியும் சரியாகவே போகிறது. ஆனாலும் பம்பைத் தொடுமுன் பூபாலபிள்ளை அண்ணன் எனக்கு ஒரு கோல் எடுக்காமல் விடுவதில்லை. போன கிழமையும் எடுத்தார்.

"மனே, மெசேஜ் நல்ல தண்ணியெண்டு வந்திருக்கு. அம்மா இண்டைக்கு என்ன கறி?"

"பருப்பும் கீரையும் அண்ணன்."

"அப்ப சரி," என்று பம்பை இழுத்தார்.