கண்டக்டர் வீட்டு வேண்டுதல்

மிளகாய் காயப்போட மொட்டை மாடிக்குப் போன நிர்மலா, மிளகாயைக் கொட்டாமலே இறங்கி வந்தாள். பக்கத்து வீட்டுப் பின்வாசலில் கண்டக்டர் சென்றாயன் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பால் குண்டான் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"சும்மா அலசலைக்கா. அடிப்புடிச்சதை நாரு போட்டுத் தேச்சாரு" என்று அவள் குழாயடியில் சொன்னபோது யாரும் நம்பவில்லை. பென்னாகரத்தில் எங்கள் தெருவுக்கு ஒரு சேதியை நம்பக் கொஞ்சம் நேரமாகும். பரப்புவதற்கு அவ்வளவு ஆகாது.

நம்பாததற்குக் காரணம் உண்டு. தருமபுரி–ஒகேனக்கல் தடத்தில் காலமெல்லாம் விசில் ஊதியவர் சென்றாயன். ஓய்வு பெற்ற பிறகு வீடுதான் பஸ், மனைவி கோவிந்தம்மாள்தான் ஒரே பயணி. உட்கார்ந்த இடத்திலிருந்து "தண்ணி" என்று ஒரு வார்த்தை சொல்வார், சொம்பு வந்து நிற்கும். குடித்த டம்ளரைப் பக்கத்திலேயே வைப்பார். அது தானாகவே நடந்து சமையல்கட்டுக்குப் போவதாக அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார் என்றுதான் தெருவில் பேச்சு.

போன ஆடியில் அவருக்கு வலது கையும் காலும் இழுத்துக்கொண்டன. மற்ற வீடாக இருந்தால் ஒரு கட்டிலும் ஒரு பெருமூச்சுமாக முடிந்திருக்கும். கோவிந்தம்மாள் அப்படி விடுகிற ஆளில்லை. அரசாங்கம் என்னென்ன கொடுக்கும் என்று விசாரித்து ஒன்றையும் மிச்சம் வைக்காமல் வாங்கினாள். மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வந்தது. மாத உதவித்தொகை வந்தது. நாலு கால் வைத்த கைத்தடி வந்தது. இலவச பஸ் பாஸும் வந்தபோதுதான் கண்டக்டர் முகம் சுருங்கியது.

"என் பஸ்ஸுல நானே ஓசியில ஏறணுமா?"

"ஏறுங்க. எத்தனை பேர ஓசின்னு எறக்கி வுட்டீங்க" என்றாள் கோவிந்தம்மாள்.

எல்லாவற்றிலும் பெரிய வரவு ஜாஸ்மின். வீடு தேடி வந்து பயிற்சி கொடுக்கிற பிசியோதெரபிப் பெண். வியாழக்கிழமை தவறாமல் ஸ்கூட்டியில் வருவாள். கண்டக்டருக்குக் கை கால் நீட்டி மடக்கி முடிந்ததும் கோவிந்தம்மாள் அவளை விட்டுவிட மாட்டாள். நிர்மலாவின் மாமியாருக்கு முழங்கால், நிர்மலாவின் புருஷன் கலைமணிக்குக் கழுத்து என்று வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகள் காத்திருக்கும். ஒரு பெண் வந்துபோகிற பெட்ரோலில் ஒரு தெருவே கழுத்தைத் திருப்பிக்கொண்டது.

இத்தனைக்கும் நடுவில், மாதக்கணக்காக அவரைத் தூக்கி உட்காரவைத்துக் குளிப்பாட்டியதில் கோவிந்தம்மாளுக்கு ஒரு தோள்பட்டை பிடித்துக்கொண்டது. கையைத் தூக்கிக் கொண்டை போட முடியவில்லை. இது சுவாரசியமான சேதி இல்லை என்பதால் தெருவில் யாரும் பேசவில்லை.

பால் குண்டான் சேதி அப்படியா? குழாயடியில் கோவிந்தம்மாளைச் சுற்றிக்கொண்டார்கள்.

"எனக்கே தெரியலம்மா" என்றாள் அவள். "போன வாரம் அந்தப் பொண்ணுக்குப் பணியாரம் எடுத்தாரலாம்னு உள்ள போனேன். தட்டோட வரேன், 'இனிமே பாத்திரமெல்லாம் சார்தாம்மா தேய்க்கணும், வெரலு மடங்கி நிமிரணும்'னு சொல்லிச்சி. இவரு விளக்கெண்ணெய் குடிச்ச மாதிரி மூஞ்சிய வெச்சிக்கிட்டாரு."

சொன்னது என்னவோ உண்மைதான். ஆனால் கேட்டவர்கள் காதில் விழுந்தது பணியாரம் மட்டும்தான். பணியாரம் கொடுத்துப் பெண்ணைக் கைக்குள் போட்டுக்கொண்டாள், புருஷனைப் பாத்திரம் தேய்க்க வைத்துவிட்டாள் என்று சாயங்காலத்துக்குள் தீர்ப்பாகிவிட்டது.

கோவிந்தம்மாளுக்கு மானம் போயிற்று. மறுநாள் பின்வாசலில் குறுக்கே கயிறு கட்டி ஒரு பழைய சேலையைத் தொங்கவிட்டாள்.

பாவம், அதுதான் தப்பாகப் போனது. சேலை இல்லாதபோது ஒரு நிர்மலாதான் மாடி ஏறினாள். சேலை வந்த பிறகு, காயப்போட ஒன்றும் இல்லாதவர்களும் ஏறினார்கள். ஆள் தெரியாமல், பாத்திரம் உருளும் சத்தமும் கண்டக்டரின் முனகலும் மட்டும் கேட்டால் மனசு என்னென்னவோ நினைக்கும். அடிக்கிறாளாம் என்று கூட ஒரு பேச்சு வந்தது. யார் கிளப்பியது என்று இங்கே சொல்லப்போவதில்லை.

கண்டக்டரோ ஒரு வேலையோடு நிற்கவில்லை. பாத்திரம் முடிந்து ராகிக் களி கிண்டுவது வந்தது. துடுப்பை இரண்டு கையாலும் பிடித்துத் தள்ளினால் தோளுக்கு நல்லது என்று ஜாஸ்மின் சொன்னதாகச் சொல்லி அடுப்பண்டை உட்கார்ந்துகொண்டார். பிறகு துணி பிழிவது. பிறகு மாடிப்படி கூட்டுவது. கோவிந்தம்மாள் எந்த வேலைக்குக் கையைத் தூக்கினாலும் அது அன்றைய பயிற்சியாக மாறிவிட்டது. முனகல் மட்டும் குறையவே இல்லை.

"யாருக்கும் தெரியாம விட்டுடுங்களேன், நான் பாத்துக்கறேன்" என்று அவள் கெஞ்சிப் பார்த்தாள்.

"வியாழக்கெழம வந்து அது கேட்டா யாரு பதில் சொல்றது? எல்லாம் என் தலையெழுத்து. அந்தக் களிமாவை எடு."

மாதவராஜ் வந்தது இந்தச் சமயத்தில்தான். சென்றாயன் விசில் கொடுத்தால்தான் வண்டியை எடுப்பேன் என்றிருந்த பழைய டிரைவர் அவர். நண்பர் கையில் களித்துடுப்பைப் பார்த்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"தங்கச்சி, என் மச்சானுக்கும் சேலத்துல இதே வாதந்தான். ஒரு ரப்பர் பந்து குடுத்தாங்க. அதை அமுக்கி அமுக்கியே எந்திரிச்சிட்டான். களி கிண்டுன்னு எந்த ஊரு வைத்தியம்?"

மாதவராஜ் போனதும் நிர்மலா வந்து அதையே கேட்டாள். எதைச் சொன்னால் இந்தத் தெரு மறுபேச்சுப் பேசாது என்று யோசித்த கோவிந்தம்மாள், அம்மனைத் துணைக்கு அழைத்தாள்.

"வேண்டுதல் நிர்மலா. கை சரியாவணும்னு ஒரு மண்டலம் பொண்டாட்டி வேலையெல்லாம் தானே செய்யறதா மாரியம்மன்கிட்ட வேண்டிக்கிட்டாரு. வெளிய சொல்லக் கூடாதுன்னு வெச்சிருந்தோம்."

நிர்மலா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். போட்ட கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"எங்க வூட்டுக்காரருக்குச் சர்க்கரை இருக்கே. அதுக்குக் கேக்குமாக்கா?"

"அம்மனுக்குச் சர்க்கரை என்னா, பிரஷர் என்னா" என்று சொல்லிவிட்டாள் கோவிந்தம்மாள். வேறு என்ன சொல்வது?

செவ்வாய்க்கிழமை கலைமணி கையில் மஞ்சள் கயிறு ஏறியது. கையில் துடைப்பமும் ஏறியது. அதற்கடுத்த வெள்ளிக்குள் தெருவில் பாதி ஆண்களுக்கு வேண்டுதல். மாதவராஜின் மனைவி பானுமதி, அவருடைய குறட்டைக்காகக் கட்டிவிட்டாள். நோயே இல்லாதவர்களுக்கு 'இனிமே வராம இருக்க' என்று கட்டினார்கள். டீக்கடை இன்னாசி, தான் சர்ச்சுக்குப் போகிறவன், இதெல்லாம் தனக்கு இல்லை என்று சிரித்துக்கொண்டிருந்தான். அவன் மனைவி லூர்துமேரி மாதாவிடமும் இப்படி வேண்டிக்கொள்ளலாம் என்று கண்டுபிடித்ததோடு சிரிப்பு நின்றது. காலையில் டீக்கடை பெஞ்சில் நாய் படுத்திருந்தது. பேப்பர் படிக்க ஆளில்லை. எல்லாரும் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள்.

இப்படி ஒரு வேண்டுதலே கிடையாது என்று பூசாரி ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று கோயிலுக்குப் படையெடுத்தார்கள். பூசாரி வாயைத் திறக்கவில்லை. அவர் வீட்டிலும் அன்று காலைதான் அம்மன் அருள் இறங்கியிருந்தது.

ஆக, ஆண்கள் ஒன்றுகூடினார்கள். அம்மன்மேல் மனு எழுத முடியாது. ஜாஸ்மின்மேல் எழுதலாம். வாதம் வந்த மனிதனுக்கு உரிய பயிற்சி தராமல் வீட்டு வேலை வாங்குகிறாள், இவளை நிறுத்த வேண்டும் என்று மேலதிகாரிக்கு எழுதி எல்லாரும் கையெழுத்துப் போடுவது என்று முடிவாயிற்று. வேரை வெட்டினால் வேண்டுதல் தானாகப் பட்டுப்போகும்.

புதன்கிழமை மாதவராஜும் கலைமணியும் கண்டக்டர் வீட்டுக்கே வந்து உட்கார்ந்தார்கள். கோவிந்தம்மாள் மனசுக்குள் கணக்குப் போட்டாள். புருஷன் விரல் இப்போதுதான் டம்ளரைப் பிடித்து நழுவாமல் வாய்வரை கொண்டுபோகிறது. இந்தப் பெண் வராமல் நின்றால், இன்னொருத்தர் எப்போது வருவாரோ, அதற்குள் கை மறுபடி மரத்துப்போகுமோ?

அவள் புருஷனை உள்ளே இழுத்துப் போனாள். ஒட்டுக்கேட்பது எங்கள் பழக்கமில்லை. நடுவில் இருப்பது ஒற்றைச் செங்கல் சுவர்.

"ஏங்க, நானா இஷ்டப்பட்டுத்தான் செய்யறேன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. இவங்க போயிடுவாங்க. அந்தப் பொண்ணு வேலைக்கு ஒண்ணும் ஆவாது."

"நானா? இஷ்டப்பட்டா? கண்டக்டர் சென்றாயனா? செத்தாலும் சொல்ல மாட்டேன்" என்றார் அவர். அந்த ஒரு வாக்கியத்துக்கு மட்டும் அவர் குரல் பழைய பஸ் குரலாக இருந்தது.

வெளியே மாதவராஜ் பேனா தேடினார். சுவரில் ஆணியில் பழைய கண்டக்டர் தோல்பை தொங்கியது. இதில் எப்போதும் ஒரு பேனா இருக்குமே என்று கையை விட்டார். கை வெளியே வந்தபோது அதில் இருந்தது புத்தம் புது மஞ்சள் ரப்பர் பந்து.

மாதவராஜ் அதை ஒருமுறை அமுக்கிப் பார்த்தார்.

"நான் சொல்லலை? பந்து குடுத்திருக்காங்க" என்றார் மாதவராஜ். "யாரும் தொறக்காத எடமா பாத்து ஒளிச்சி வெச்சிட்டு, மனுசனைக் குண்டான் தேய்க்க வுட்டிருக்கா."

"அண்ணே, நான் அதைக் கண்ணால பாத்தது இல்லைண்ணே. அம்மன் சத்தியமா."

"எந்த அம்மன் தங்கச்சி? வேண்டுதல் அம்மனா?"

கண்டக்டர் என்னமோ சொல்ல வாயெடுத்தார். "நீ பேசாத சென்றாயா. உன்னைப் பேச முடியாம வெச்சிருக்கா, தெரியுது" என்று மாதவராஜ் அவரை அடக்கிவிட்டார். கடைசியில், நாளைக்கு ஜாஸ்மின் வரட்டும், நாலு பேர் முன்னால் கேட்போம், பந்துதான் கொடுத்தேன் என்று அவள் சொல்லிவிட்டால் மனு போகும் என்று பேசி முடித்தார்கள்.

வியாழக்கிழமை அந்த வாசலில் பந்தல் போடாததுதான் குறை. காயப்போட்ட மிளகாயைக் காக்கை கொத்தினாலும் பரவாயில்லை என்று நிர்மலா முதல் வரிசைக்கு வந்திருந்தாள். மஞ்சள் கயிறு கட்டிய ஆண்கள் ஒரு பக்கம், கட்டிவிட்ட பெண்கள் ஒரு பக்கம். வேண்டுதல் பொய் என்றாகிவிட்டால் பெண்களுக்கும் நஷ்டம்தான். ஆகவே அவர்கள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றார்கள்.

ஸ்கூட்டியை நிறுத்திய ஜாஸ்மின், கூட்டத்தைப் பார்த்து யாருக்கோ உடம்பு மோசம் என்று நினைத்து ஓடி வந்தாள். மாதவராஜ் அவள் முகத்துக்கு நேராகப் பந்தை நீட்டினார்.

"இது நீ குடுத்ததா, இல்லையாம்மா?"

ஜாஸ்மின் பந்தைப் பார்த்தாள். கண்டக்டரைப் பார்த்தாள். கண்டக்டர் வேப்பமரத்தில் இலை எண்ணிக்கொண்டிருந்தார்.

அவள் பதில் சொல்லாமல் கோவிந்தம்மாளிடம் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டு வாங்கி அவர் வலது கையில் கொடுத்தாள். அவர் பிடித்தார். விரல் நடுங்கவில்லை. வாய்வரை கொண்டுபோய்க் குடித்து முடித்தார். குடித்தவர் பழக்கப்படி டம்ளரைப் பக்கத்தில் வைக்கப்போனார், பாதியில் நிறுத்தினார், மெதுவாக எழுந்து, கைத்தடியைக் கூட எடுக்காமல், நாலு எட்டு நடந்து தொட்டியில் போட்டு அலசிக் கவிழ்த்தார். கோவிந்தம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"கை தேறிடுச்சி, சந்தோஷம்" என்றார் மாதவராஜ், விடாமல். "நான் கேட்டதுக்குப் பதில் சொல்லும்மா. நீ குடுத்தது பந்துதானே? இந்தப் பாத்திரம், களி, துணி, இதெல்லாம் யாரு வெச்ச ஏற்பாடு? பணியாரம் குடுத்து உங்கிட்ட யாரு சொல்லச் சொன்னது?"

எல்லார் தலையும் கோவிந்தம்மாள் பக்கம் திரும்பியது. கழுத்துப் பயிற்சி செய்த தெரு, சுலபமாகத் திரும்பியது.

"நீ கெளம்பும்மா, மத்த வூடெல்லாம் காத்துக்கிட்டு இருக்கும்" என்று கண்டக்டர் அவசரப்பட்டார். "ரைட், ரைட்."

ஜாஸ்மின் கிளம்பவில்லை. சுவரோரம், பிடித்துப்போன தோளை மறு கையால் தாங்கியபடி நின்ற கோவிந்தம்மாளைப் பார்த்துவிட்டு, மாதவராஜ் கையிலிருந்த பந்தை வாங்கிக்கொண்டாள்.

"பந்துதாங்க குடுத்தேன். 'என்னைத் தூக்கித் தூக்கி அவளுக்குத் தோளு போயிடுச்சி, நானாப் பாத்திரத்தைத் தொட்டா தெருவே சிரிக்கும், நீ வைத்தியம்னு சொல்லிடும்மா'ன்னு, அம்மா பணியாரம் எடுக்க உள்ள போன நேரத்துல இதை வாங்கிப் பையில போட்டுக்கிட்டதே சார்தாங்க."