பிரேக்கில் எண்ணெய் ஊற்றியது யார்?

பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய மாப்பிள்ளை சொக்கநாதன் அவர்களுக்கு,

மதுரையிலிருந்து மச்சான் உக்கிரபாண்டி கைப்பட எழுதுவது. நானும் வீட்டுக்காரி ஒச்சம்மாளும் சௌக்கியம். புனேயில் நீங்களும் தங்கச்சி தமிழ்வாணியும் பாப்பாவும் சௌக்கியமாக இருக்கப் பாண்டி கோயிலில் சொல்லி வைத்திருக்கிறேன். என்னை நம்பி நீங்கள் விட்டுப்போன காரும் இப்போது சௌக்கியம். இதை வாட்ஸப்பில் எழுதாததற்குக் காரணம், குடும்பக் குரூப்பில் உங்கள் தம்பி காளை இருக்கிறான். தப்பாக நினைக்க வேண்டாம்.

"மச்சான், காதுகுத்துக்கு ஏர்போர்ட்ல இருந்து வாடிப்பட்டி வரைக்கும் பாப்பாவ நீங்க கூட்டிட்டு வரணும்னா பிரேக் சரியாகணும். இல்லேன்னா காளை ஓட்டட்டும்" என்று போனில் சொல்லிவிட்டீர்கள். தாய்மாமன் மடியில் உட்கார்ந்து காது குத்திக்கொள்ளப் போகிற பிள்ளை, காளை ஓட்டுகிற வண்டியில் வந்து இறங்கினால் என் மீசைக்கு என்ன மரியாதை? மாட்டுத்தாவணி விஷயத்தை உங்களுக்கு ஊதிவிட்டதும் அவன்தான் என்று எனக்குத் தெரியும். நடந்தது இவ்வளவுதான். அங்கே பூ மார்க்கெட் வாசலில் பிரேக்கை மிதித்தேன், வண்டி யோசித்தது, யோசித்துக்கொண்டே போய் மல்லிகைக் கூடைகளுக்குள் மூக்கை நுழைத்து நின்றது. கூடைக்காரம்மா, "ஏய்யா, பூ வேணும்னா எறங்கி வந்து கேக்க மாட்டியா?" என்றாள். மார்க்கெட்டே கைதட்டியது. மூன்று அமைச்சர்களுக்குப் போடுகிற அளவு பூ உங்கள் கார் மேல் கிடந்தது.

உடனே ஆரப்பாளையத்தில் பத்ரிநாத் ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். சக்கரத்தைக் கழற்றின பத்ரி விரலால் தடவி முகர்ந்து பார்த்து, "அண்ணே, பிரேக் பேடெல்லாம் எண்ணெய்ண்ணே. அதான் வழுக்குது. யாரு ஊத்துனா?" என்றார். எனக்குப் பொறி தட்டியது. பொங்கலுக்கு வந்த காளை காரைச் சுற்றிச் சுற்றி வந்து டயரைத் தட்டிப் பார்த்தான். "என்னடா?" என்றால், "சும்மா பாக்குறேன் மாமா" என்கிறான். சும்மா எவனாவது டயரைப் பார்ப்பானா, மாப்பிள்ளை? நான் அந்த வண்டியைப் பெற்ற பிள்ளை மாதிரி வைத்திருக்கிறேன். சக்கரம் கீச்சென்று கத்தினால் பிள்ளை அழுவதாகவே எனக்குக் கேட்கும். அதனால்தான் சனிக்கிழமை தவறாமல் நான் தலைக்கு எண்ணெய் வைத்த கையோடு நாலு சக்கரத்துக்கும் செக்கு நல்லெண்ணெய் ஒவ்வொரு கரண்டி விடுவேன். சத்தம் பெட்டிப் பாம்பாய் அடங்கிவிடும். இந்த வைத்தியத்தைப் பத்ரியிடம் சொல்வேனா? தொழிலைக் கற்றுக்கொண்டு விடுவார். காளை ஊற்றியது ஏதோ மட்ட எண்ணெய், அதுதான் என் நல்லெண்ணெயோடு சேர்ந்து திரிந்திருக்கிறது.

பத்ரி மேலேயும் எனக்கு முழு நம்பிக்கை கிடையாது. பேடில் எண்ணெய் ஆகாது என்கிறவர், அடுத்த மூச்சில் "பிரேக் ஆயிலும் மாத்திருவோம்ணே" என்கிறார். ஆகுமா ஆகாதா? டிஸ்க்கும் தேய்ந்துவிட்டது, அதையும் மாற்றி, பழசைவிட உசத்தியான பேடே வாங்கிப் போடலாம் என்றார். ரயிலையே நிறுத்துகிற ரகமாகப் போடும்படி சொன்னேன். பழசையே மாட்டித் தள்ளிவிடுவாரோ என்று புதுப் பேடின் முதுகில் ஒச்சம்மாளின் நகப்பூச்சால் 'உ' போட்டு, நாற்காலி போட்டு எதிரிலேயே உட்கார்ந்தேன். "பாத்து என்ன செய்யப் போறீக?" என்றார். "நீ என்ன செய்யப் போறேன்னு பாக்கப் போறேன்" என்றேன். ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போய்விட்டார்.

வாடிப்பட்டி ரோட்டில் ஓட்டிப் பார்த்தோம். குறுக்கே வந்த ஆட்டுக்கு முன்னால் வண்டி அறைந்த ஆணியாய் நின்றது. ஆடே என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் போனது. ஒச்சம்மாள் மட்டும், "நிப்பாட்டுறத சொல்லிட்டு நிப்பாட்டுய்யா" என்று நெற்றியைத் தடவினாள். ஆகவே காளைக்கு வேலை இல்லை. மாமன் ஓட்ட, மருமகள் ராணியாக வந்து இறங்குவாள்.

பாப்பாவின் காதில் தங்கமும் உங்கள் வீட்டில் சிரிப்பும் குறையாமல் இருக்க வாழ்த்தும்,
உங்கள் மச்சான்
உக்கிரபாண்டி

பி.கு.: உறையை ஒட்டும்போது இன்று சனிக்கிழமை என்பது ஞாபகம் வந்தது. புதுப் பேடும் லேசாகக் கீச்சிட்டது. புதுசாயிற்றே என்று சக்கரத்துக்கு ரெண்டு கரண்டி விட்டு, பத்ரியிடம் காட்டலாமென்று ஓட்டிப் போனேன். வண்டி ஒர்க்‌ஷாப் வாசலில் நிற்காமல் உள்ளே போய், நான் உட்கார்ந்திருந்த நாற்காலியை நசுக்கித்தான் நின்றது. காளை நாலு நாளாகத் திருப்பூரில் இருக்கிறானாம். ஊரிலேயே இல்லாமல் இதைச் செய்திருக்கிறான் என்றால் எவ்வளவு பெரிய ஆள் என்று பாருங்கள். பத்ரி என் பையில் இருந்த எண்ணெய்ப் புட்டியையே பார்க்கிறார், திருடத்தான் இருக்கும். ஒச்சம்மாள் சாவியைப் பிடுங்கி, ஏர்போர்ட்டுக்கு ஓட்டி வரச் சொல்லிக் காளைக்கே போன் போட்டுவிட்டாள். காதுகுத்து அன்றைக்கு நான் ஆரப்பாளையத்தில் பஸ் பிடித்து வாடிப்பட்டிக்கு வாரேன். பாப்பா வந்து இறங்கும்போது மடி தயாராக இருக்கும். பஸ் டிரைவர் சக்கரத்துக்கு என்ன எண்ணெய் விடுகிறார் என்றும் கேட்டுக்கொண்டு வருவேன்.