காத்திருப்பை ஒழித்த விலக்கு

பிப்ரவரி 11, செவ்வாய். இன்று ஒரு சிறு பிழை. பயணிகளை எண்ணும்போது என்னை எண்ண மறந்துவிட்டேன். ஆனால் நான் நிழற்குடைக்குள் நிற்கவில்லை. ஆகவே இது பிழைதானா என்பதும் சரியாகத் தெரியவில்லை.

ரோகிணி தன் நாட்குறிப்பில் இப்படி எழுதிய வாரத்தில்தான், மனிதகுலம் பேருந்துக்குக் காத்திருந்த நெடிய இருண்ட காலம் முடிவுக்கு வந்தது. முடித்துவைத்த பெருமை, சமயநல்லூரைத் தாண்டி, பெரிய சாலையிலிருந்து ஊருக்குப் பிரியும் புளியங்காட்டு விலக்கையே சேரும்.

அங்கே ஊராட்சித் தலைவர் உக்கிரபாண்டி கட்டித் தந்த நிழற்குடை இருந்தது. உள்ளே எஃகு இருக்கை, தலைவர் படம், படத்துக்கு மட்டும் ஒரு விளக்கு. ஜனங்களோ நாலு கடை தள்ளி டீக்கடை வாசலில் நின்றார்கள். அவர்கள் அங்கே நிற்பதால் டிரைவர் பஸ்ஸை அங்கே நிறுத்தினார். டிரைவர் அங்கே நிறுத்தியதால் அவர்கள் அங்கே நின்றார்கள்.

மாலைக் கல்லூரி மாணவியான ரோகிணியும் அங்கேதான் ஆறு மணி பஸ் பிடிப்பாள். பல்கலைக்கழகத்தின் 'போக்குவரத்து மனநிறைவு ஆய்வு மைய'ப் பேராசிரியர் சந்தானம் அவளுக்குத் தந்த பணி தெளிவானது: நிழற்குடைக்குள் காத்திருப்போரை எண்ணுக. அவள் டீக்கடைக் கூட்டத்தில் இடிபட்டபடியே எட்டிப் பார்த்து, 'எவருமில்லை' என்று எழுதினாள்.

பூக்கூடையோடு நின்ற அழகம்மாள் கேட்டாள்: "ஏத்தா, இம்புட்டுப் பேரு இடுப்பொடிய நிக்கிறோம், யாருமில்லன்னு எழுதுற?"

"குடைக்குள்ள நிக்கிறவங்களத்தான் எழுதணும்க்கா."

"அங்க நின்னா பஸ்ஸுக்கு டாட்டாதான் காட்டணும்!"

"அதை எழுத இடமே விடலைக்கா."

ஆய்வு முடிவு வெளியானது. தலைவர் நிருபர்களை நிழற்குடைக்கு வரவழைத்தார். "எங்க ஊர்ல பஸ்ஸுக்கு நிக்கிற ஏழை ஒருத்தருமில்ல. எல்லார்ட்டயும் வண்டி இருக்கு. நான் சொல்லல, பல்கலைக்கழகம் சொல்லுது!"

இந்த 'வளர்ச்சி'யை மதித்து ஆறு மணி பஸ் நிறுத்தப்பட்டது.

வகுப்புக்குப் போக வழியில்லை; இன்னும் சில நாள் போகாவிட்டால் தேர்வெழுத விடமாட்டார்கள். ரோகிணி ஒரு பால் வண்டியில் தொற்றிக்கொண்டு பேராசிரியரிடம் போய் நின்றாள்.

"ஐயா, நான் தப்பா எண்ணிட்டேன். எல்லாரும் டீக்கடைப் பக்கம்..."

"நீ எண்ணுனது சரிதாம்மா. அவங்க நின்னதுதான் தப்பு. வேணும்னா மறுபடி எண்ணிக் குடு."

மறுநாள் மாலை, அழகம்மாள் முதல் டீக்கடைக்காரர் சோணை வரை ஊரே குடைக்குள் நெருக்கியடித்து நின்றது. "மாப்ள, மூச்சை உள்ள இழு, இன்னொரு ஆளு நிக்கலாம்!" என்றார் சோணை. ரோகிணி இரண்டு முறை எண்ணிச் சரிபார்த்து அனுப்பினாள்.

ஆய்வு மையம் அதையும் உரிய கவனத்துடன் பரிசீலித்தது. பஸ் வராத நேரத்தில் நிற்பவர்கள் பயணிகள் ஆகமாட்டார்கள், அவர்கள் 'இளைப்பாறுவோர்'. செய்தி கேட்டுத் தலைவர் நெகிழ்ந்துபோனார். மக்களின் அமோக ஆதரவை ஏற்று, இரண்டாவது நிழற்குடைக்கு அடிக்கல் நாட்டினார், டீக்கடை வாசலில்.

விழாவில் அழகம்மாள் தலைவரிடம் கேட்டாள்: "அப்ப பஸ்ஸுண்ணே?"

"அதான் குடை வருதுல்லத்தா. நிம்மதியா உக்காரு."

மார்ச் 5, புதன். முதல் நாள் நான் செய்தது பிழைதான். நாளைய வேலை: மாலை ஆறு மணிக்கு, தலைவரின் கார் கிளம்பும் நேரத்தில், எல்லோரும் பஸ்ஸுக்கு நிற்பதுபோல் அவர் வீட்டு வாசலில் நிற்க வேண்டும். எண்ண வேண்டும், என்னையும் சேர்த்து.