பில் இல்லாத றைஸ் குக்கர்

ரொறன்ரோவில் உள்ள கடைகளின் சட்டதிட்டங்களை அந்தக் கடைகளின் முதலாளிமாரைவிடத் தெளிவாக அறிந்து வைத்திருந்தவர் ஒரே ஒருவர்தான். அவர் பார்க்டேலில், எங்கள் கட்டடத்தின் ஒன்பதாம் மாடியில் இருந்தார். அவருக்கும் ஒரு பெயர் இருந்திருக்கும். தபால்காரரைத் தவிர வேறு யாரும் அதைப் பாவித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. எங்கள் எல்லோருக்கும் அவர் ரிற்றேர்ன் அண்ணை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வந்திறங்கிய எங்களுக்குக் கனடாவில் அதிசயங்களுக்குக் குறைவில்லை. மூச்சு விட்டால் மூக்குமயிர் உறைவது ஓர் அதிசயம். வாங்கிய சாமானை முப்பது நாளுக்குள் பில்லோடு கொண்டுபோனால், சிரித்த முகத்தோடு காசைத் திருப்பித் தருகிறார்கள் என்பது அதைவிடப் பெரிய அதிசயம். அதற்கு ரிற்றேர்ன் என்று பெயர். ஊரில் வாங்கிய செருப்பைத் திருப்பிக் கொண்டுபோயிருந்தால் அந்தச் செருப்பாலேயே மரியாதை கிடைத்திருக்கும். நாங்கள் எல்லோரும் இந்த வசதியை ஒன்றிரண்டு தடவை கூச்சத்தோடு பாவித்துவிட்டு நிறுத்திவிட்டோம். அண்ணை அதிலேயே குடித்தனம் நடத்தினார்.

அவருடைய வீட்டில் இல்லாத சாமான் இல்லை. அவருக்குச் சொந்தமான சாமான் ஒன்றும் இல்லை. ரிவிக்கு அன்று பத்தொன்பதாம் நாள் என்றால் சோபாவுக்குப் பதினோராம் நாளாக இருக்கும். சுவர்க் கலண்டரில் எல்லாம் குறித்திருப்பார். சோபாவின் பிளாஸ்ரிக் உறையைக் கழற்றக்கூடாது. கோடை காலத்தில் அதில் இருந்து எழும்பினால் தோல் கொஞ்சம் அங்கேயே தங்கிவிடும். ரிவியின் ரிமோட் ஒரு பொலித்தீன் பைக்குள் இருக்கும். பைக்கு மேலாலேதான் அமுக்க வேண்டும். சாமான்கள் வந்த பெட்டிகளும் அவற்றின் வெள்ளைப் பஞ்சுக் கட்டைகளும் படுக்கையறை முழுவதையும் பிடித்துக்கொண்டதால் நாங்கள் முன்னறையில் படுத்தோம்.

'நாங்கள்' என்று சொன்னேன் அல்லவா, அவரோடு அந்த வீட்டைப் பங்கிட்டவன் நான். என்னை எடுக்கும்போதும் அதே சட்டம்தான். "முப்பது நாள் இருந்து பார் தம்பி. சரிவரேல்லையெண்டால் வேறை இடம் பார்" என்றார். அன்றைய தேதியில் கலண்டரில் என்னுடைய பெயரையும் எழுதினார்.

இருபத்தொன்பதாம் நாள் வந்துவிட்டால் அந்த வீட்டில் ஊர்வலம் புறப்படும். பெட்டியை ஒரு தள்ளுவண்டியில் கட்டி, ஸ்ட்ரீட்கார் என்ற ட்ராமில் ஏற்றி, ஓட்டுநரின் முறைப்பை வாங்கிக்கொண்டு கடைக்குப் போவார். அங்கே அவர் பேசுவது ஒரே ஒரு வசனம்: "ஐ டோன்ட் லைக்." மின்விசிறியைச் செப்ரெம்பரிலும் ஹீற்றரை ஏப்ரலிலும் பிடிக்காமல் போவது அவருக்கு வழக்கம். கடைப் பிள்ளைகள் இவரைத் தூரத்தில் கண்டதுமே படிவத்தை எடுத்து வைத்துவிடுவார்கள்.

ஏன் அண்ணை இந்தக் கரைச்சல், இரண்டு சாமானைச் சொந்தமாக வாங்கினால் என்ன என்று ஒருநாள் கேட்டேன். அவர் என்னை ஒரு விஷயமும் தெரியாதவனைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"நாங்கள் இங்கை நிக்கவே வந்தனாங்கள்? ஊரிலை பிரச்சினை முடியப் போறனாங்கள். இந்தச் சோபாவை ஆர் காவிக்கொண்டு போறது?"

அதற்குப் பிறகு நான் அதைப் பற்றிக் கேட்கவில்லை. என்னிடமும் அப்போது ஒரு சூட்கேசுக்கு மேல் ஒன்றும் இருக்கவில்லை.

அவருடைய மனைவி, எங்களுக்கு அக்கா, ஆறு வருடமாகக் கொழும்பில் ஒரு லொட்ஜில் விசாவுக்குக் காத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணை தொலைபேசியில் அவருக்கு வீட்டு நிலவரம் சொல்லுவார். புது ரிவி வந்தது, பழையது போனது, இந்த முறை சோபா பச்சை நிறம் என்று பெருமையாகத்தான் சொல்லுவார். ஒரு ஞாயிறு அக்காவுக்கு விசா கிடைத்துவிட்டது, மார்கழிக்குள் வந்துவிடுவார் என்று செய்தி வந்தது. அண்ணை சந்தோஷத்தில் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டார். அதனால் அக்கா அடுத்ததாகக் கேட்டது எனக்கும் கேட்டது.

"அங்கை எங்கடை எண்டு ஒரு சாமானாவது கிடக்கோ? இல்லாட்டி என்னையும் முப்பது நாள் வைச்சுப் பாத்திட்டு ரிற்றேர்ன் பண்ணுறதுக்கோ கூப்பிடுறியள்?"

அண்ணை சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. தொலைபேசியை வைத்த பிறகு அண்ணை கனநேரம் கலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்த இலையுதிர் காலத்தில்தான் நாங்கள் ஜப்பானுக்குப் போனோம். இருவரும் வேலை செய்த தொழிற்சாலைக்கு ஜப்பானில் இருந்து புது மெஷின் ஒன்று வருவதாக இருந்தது. அதைப் பழகிவர இரண்டு பேரை மூன்று கிழமைக்கு அனுப்பினார்கள். பொடி எழுத்தில் அச்சடித்த எந்தக் கடதாசியையும் கடைசி வரி வரைக்கும் படிக்கிற ஒரே தொழிலாளி அண்ணைதான் என்பதால் அவரைத் தெரிவு செய்தார்கள். அவரோடு ஒத்துப்போகக்கூடிய ஒரே ஆள் நான் என்பதால் என்னையும் சேர்த்துவிட்டார்கள். கனடியப் பாஸ்போர்ட் கையில் வந்து சில மாதங்கள்தான். அண்ணை அதையும் பொலித்தீன் பைக்குள்தான் வைத்திருந்தார்.

நகோயாவுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். கொம்பனி விடுதியில் காலையில் மீன், மத்தியானம் மீன், சோறு மட்டும் பூனைக்கு வைக்கிற அளவு. இரண்டாம் நாளே அண்ணை முடிவெடுத்துவிட்டார். ரொறன்ரோவில் இருந்து மிளகாய்த்தூள் கொண்டுவந்திருக்கிறோம், சோறு மட்டும் நாங்களே காய்ச்சினால் உயிர் தப்பலாம் என்றார்.

புகையிரத நிலையத்துக்கு எதிரே ஐந்து மாடியில் ஒரு மலிவுக் கடை இருந்தது. அப்படி ஒரு கடையை நாங்கள் அதற்கு முன் கண்டதில்லை. காலுறைக்குப் பக்கத்தில் கருவாடு, கருவாட்டுக்கு மேலே கைக்கடிகாரம், அதற்கும் மேலே கூரையில் சைக்கிள். சாமான் அடுக்குகளுக்கு நடுவில் இரண்டு தொந்திகள் எதிரெதிரே வந்தால் ஒன்று பின்வாங்க வேண்டும். எங்கே பார்த்தாலும் கையால் எழுதிய மஞ்சள் அட்டைகள். கடைக்கென்றே ஒரு பாட்டு, ஓயாமல் திரும்பத் திரும்பப் பாடும். மூன்றாம் நாள் அண்ணை மெஷினுக்கு முன்னால் நின்று அதை முணுமுணுக்கத் தொடங்கிவிட்டார்.

கோயில் வீதி சுற்றுவது போல ஐந்து மாடியையும் சுற்றினார். அவர் தேடியது சாமானை அல்ல, சுவரில் ஒட்டியிருக்கும் சட்டதிட்டத்தை. அது கிடைத்தது, ஆனால் முழுவதும் ஜப்பான் எழுத்து. படிக்காத கடதாசியை நம்பி அவர் வாழ்நாளில் ஒன்றும் வாங்கியதில்லை. கொஞ்ச நேரம் தவித்தார். பிறகு, எந்த ஊரிலும் கடை கடைதானே, முப்பது நாள் எங்கும் முப்பது நாள்தான், நாங்கள் நிற்பதோ மூன்று கிழமை, போகிற அன்று திருப்பிக் கொடுத்துவிட்டுப் போவோம் என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டார்.

அப்படி எடுத்ததுதான் அந்த றைஸ் குக்கர். முட்டை வடிவம், வெள்ளை நிறம், முகத்தில் ஆறு பொத்தான், சோறு வெந்ததும் பாட்டுப் பாடும். விற்ற பெண்பிள்ளை அரை மணித்தியாலம் கையாலும் முகத்தாலும் விளக்கம் சொன்னது. பிறகு அண்ணையின் வாழ்வில் ஒரு பொற்கணம் வந்தது. வெளிநாட்டுக்காரருக்கு வரி இல்லை என்று சொல்லி, பில்லையும் இன்னொரு கடதாசியையும் சேர்த்து அவருடைய பாஸ்போர்ட்டுக்குள் வைத்து ஸ்ரேப்ளர் அடித்துவிட்டார்கள். பில்லைப் பாஸ்போர்ட்டோடு சேர்த்துக் காக்கும் நாடு. வழி நெடுக அவர் அதைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டு வந்தார்.

மூன்று கிழமையும் அந்தக் குக்கர்தான் எங்களைக் காப்பாற்றியது. சாப்பிட வந்த இரண்டு ஜப்பான் தொழிலாளர்கள் மிளகாய்த்தூளில் கண்ணீர் விட்டு அழுதுகொண்டே இரண்டாம் தரமும் சோறு கேட்டார்கள். கடைசி நாள் வந்தது. அண்ணை குக்கரைக் கழுவித் துடைத்து, பெட்டிக்குள் வைத்து, பழைய கிழிசல் தெரியாமல் செலோரேப் ஒட்டினார். கடைக்குப் போனோம். அதே பெண்பிள்ளை சிரித்துக்கொண்டு ஓடிவந்தது. அண்ணை பாஸ்போர்ட்டைத் திறந்து பில்லைக் காட்டிவிட்டு, உலகப் புகழ்பெற்ற தன் வசனத்தைச் சொன்னார்.

பிள்ளையின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. உள்ளே ஓடி இன்னொருவரைக் கூட்டி வந்தது. அவர் மனேஜரைக் கூட்டி வந்தார். மூன்று பேரும் வரிசையாக நின்று இடுப்பு வரை குனிந்தார்கள். அண்ணையும் குனிந்தார். நானும் எதற்கும் குனிந்து வைத்தேன். பிறகு அரிசி கொண்டுவந்தார்கள், தண்ணீர் கொண்டுவந்தார்கள், அங்கேயே சோறு காய்ச்சினார்கள். முக்கால் மணித்தியாலம் எல்லோரும் ஒரு பிரசவ வார்டுக்கு வெளியே நிற்பது போல நின்றோம். குக்கர் பாட்டுப் பாடியது. மனேஜர் திறந்து, மணந்து பார்த்து, ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு அண்ணையிடமும் கொடுத்தார். நல்லாயிருக்கா என்று சைகையால் கேட்டார். சாப்பாட்டு விஷயத்தில் அண்ணைக்குப் பொய் வராது. "வெரி குட்" என்றார்.

அப்படியானால் பிழை எங்கே? மனேஜர் குக்கரைத் திருப்பித் திருப்பிக் கீறல் தேடினார். பிழை இல்லாத சாமானை ஒருவர் திருப்பிக் கொண்டுவருவார் என்று அங்கே யாருக்கும் தோன்றவில்லை. தான் விளக்கம் சொன்னதில்தான் குறை என்று அந்தப் பிள்ளை முடிவு கட்டிவிட்டது. மறுபடியும் குனிந்தது, நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது.

அண்ணை என்னுடைய சட்டைக் கையைப் பிடித்தார். "தம்பி, அந்தப் பிள்ளை தன்ரை பிழையெண்டு நினைச்சு நிக்குது. என்ன செய்யிறது?"

"உண்மையைச் சொல்லுங்கோ அண்ணை."

"எந்த உண்மையை? ஒரு சாமானைச் சொந்தமா வைச்சிருக்க எனக்குப் பயமெண்டோ?"

நான் அவரை நான்கு வருடமாகக் கேலி செய்தவன். அந்த நேரத்தில் அவருடைய பாஸ்போர்ட்டை மட்டும் கையில் வாங்கிக்கொண்டேன். அவர் குக்கரைப் பெட்டிக்குள் வைத்துத் திரும்பக் கையில் தூக்கினார். பிள்ளையைப் பார்த்து, தனக்குத் தெரிந்த வசனத்தில் பாதியை வெட்டிவிட்டு, "ஐ லைக்" என்றார். மூன்று பேரும் குனிந்தார்கள். பிள்ளை ஓடிப்போய் ஒரு சோற்றகப்பையைக் கொண்டுவந்து சும்மா கொடுத்தது.

அதோடு முடியவில்லை. விமான நிலையத்தில் சுங்க அதிகாரி பாஸ்போர்ட்டைத் திறந்து, வரி விட்ட கடதாசியை நாட்டை விட்டுப் போகும்போது எடுக்க வேண்டும் என்று, பில்லோடு சேர்த்துச் சரக்கென்று உருவி ஒரு பெட்டிக்குள் போட்டார். அண்ணை "சேர், பில்" என்றார். அதிகாரி குனிந்தார். அண்ணை குனிந்து "பில்" என்றார். அதிகாரி இன்னும் ஆழமாகக் குனிந்தார். பின்னால் வரிசை நீண்டது. ஐந்தாவது குனிவில் அண்ணை தோற்றுப்போனார். விமானத்தில் பன்னிரண்டு மணித்தியாலமும் குக்கரை மடியில் வைத்துக்கொண்டு வந்தார்.

பார்க்டேலுக்கு வந்து எங்கள் அரிசியைப் போட்டால் அது கூழாக வந்தது. ஜப்பான் அரிசிக்கு அமுக்கிய பொத்தான் எங்கள் அரிசிக்குச் சரிவரவில்லை, மற்ற ஐந்தில் எது எது என்று தெரியவில்லை. கடை ஒன்றில் கொடுத்துப் பார்ப்போம் என்றால் பில் இல்லை. இதற்குள் மார்கழி வந்துவிட்டது. சோபாவுக்கும் ரிவிக்கும் நாள் முடிந்து அவை திரும்பிப் போயின. அக்கா வருவதற்கு முதல்நாள் புதிதாக எடுக்கப் போன அண்ணை வெறுங்கையோடு வந்தார். எதைப் பார்த்தாலும் பில் தருவார்களே, பில் இருந்தால் திருப்பிக் கொடுக்கத் தோன்றுமே என்று யோசனையாக இருந்ததாம். நான் ஏற்கெனவே என் சூட்கேசை ஏழாம் மாடிக்கு மாற்றியிருந்தேன்.

விமான நிலையத்தில் இருந்து அக்காவை நானும் சேர்ந்துதான் கூட்டி வந்தேன். அவர் யாரோ கொடுத்த பெரிய கோட்டுக்குள், கையில் இரண்டு பைகளோடு வீட்டுக்குள் வந்து நின்றார். வெறும் முன்னறை. நடுவில், நிலத்தில், அந்தக் குக்கர் மட்டும் இருந்தது.

"எல்லாத்தையும் குடுத்திட்டியளோ?"

"ஓம்."

"இதை எப்ப குடுக்கப்போறியள்?"

அண்ணை தொண்டையைச் செருமினார். "இதைக் குடுக்கேலாது. இதுக்குப் பில் இல்லை."

அக்கா பைகளை வைத்துவிட்டு, கோட்டைக்கூடக் கழற்றாமல் குக்கருக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தார். மூடியைத் திறந்து பார்த்துவிட்டு அரிசி கிடக்கோ என்று கேட்டார். அன்றைக்கும் கூழ்தான் வந்தது. மூன்று பேரும் அதைத்தான் குடித்தோம். மூன்றாம் நாள் அக்கா சரியான பொத்தானைக் கண்டுபிடித்து, மறக்காமல் இருக்க அதன் மேல் தன் நெற்றியில் இருந்த ஒட்டுப்பொட்டை எடுத்து ஒட்டினார்.

இப்போது அவர்கள் மில்லிக்கனில் சொந்த வீட்டில் இருக்கிறார்கள். சோபாவில் பிளாஸ்ரிக் உறை இல்லை. குசினி மூலையில் அந்தக் குக்கர் இன்னும் இருக்கிறது. பாட்டு நின்றுவிட்டது, பொட்டு எத்தனையோ தரம் மாறிவிட்டது. போன மாதம் போயிருந்தபோது, எனக்குத் தந்த முப்பது நாள் எப்போது முடிந்தது என்று அண்ணையிடம் கேட்டேன்.

அவர் குக்கரைத் திறந்து எனக்குச் சோறு போட்டுக்கொண்டே சொன்னார்:

"உன்ரை பில்லை நான் எப்பவோ துலைச்சுப்போட்டன் தம்பி. நீ சாப்பிடு."