வாய்க்கால் மேல் எட்டுப் பனை

எவன் எந்தக் கணக்குச் சொன்னாலும் பேரம் பேசி அதைப் பாதியாக்காமல் விடமாட்டார் சங்கிலிபூதத்தான். கல்லிடைக்குறிச்சியில் சுமை தூக்கத் தொடங்கியவர் சொந்தமாக வாழைத்தோப்பு வாங்கியது அந்த வாயால்தான்.

அந்த ஆனியில் தோப்புக்குப் பாலம் போட்டே தீருவதென்று கிளம்பினார். வாழைத்தார் முற்றிவிட்டது. அணை திறந்து, தோப்புக்கும் ரோட்டுக்கும் நடுவே ஓடும் வாய்க்காலில் நெஞ்சளவு தண்ணீர். சுமக்கிற ஆட்களெல்லாம் நடவுக்குப் போயாச்சு. நாலு நாளில் மினி லாரி உள்ளே வராவிட்டால் அத்தனையும் மரத்திலேயே பழுத்துவிடும்.

மனைவி அன்னத்தாய் போய் மணிராஜ் ஆசாரியைக் கூட்டி வந்தாள். ஆசாரி கயிறு பிடித்து அளந்தார். தொண்டையைச் செருமினார். "வைரம் பாஞ்ச பனை பதினாறு வேணும் அண்ணாச்சி."

"பதினாறா? லாரி போகப் பாலம் கேட்டா ரயிலு போகப் போடுதீரா வே?"

வெயில் ஏறியது. பதினாலு, பன்னிரண்டு, பத்து. சங்கிலிபூதத்தான் இரண்டு முறை கோபித்துக்கொண்டு போய், இரண்டு முறை தானே திரும்பி வந்தார். எட்டில் ஆசாரி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். இந்த மனுசன்கிட்ட யாரு பேசி ஜெயிக்க என்று அன்னத்தாய் பெருமூச்சு விட்டாள். அன்றைக்கு அவருக்குச் சோறு ஒரு பிடி கூடவே இறங்கியது.

நாலாம் நாள் பாலம் நின்றது. கன்னங்கரேலென்று சாத்தான்குளத்துப் பனை, மேலே குறுக்குப் பலகை. அழகென்றால் அழகு. டிரைவர் நூகு காலி லாரியை உள்ளே ஓட்டி வந்தார். தார் ஏற்றி, அச்சு அமுங்க அது திரும்பியபோதுதான் சங்கிலிபூதத்தானுக்கு அந்தக் கணக்கு ஞாபகம் வந்தது. பதினாறு வேண்டிய இடத்தில் எட்டு. பாதி லோடை இறக்கச் சொல்லிக் கத்திக்கொண்டே ஓடினார்.

அதற்குள் அன்னத்தாய் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து, "பைய விடுங்கண்ணே" என்றாள்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். பலகை ஒருமுறை முனகியது. திறந்து பார்த்தால் லாரி ரோட்டில் நிற்கிறது.

"ஏட்டி, உசிரு மேல ஆசை இல்லையா ஒனக்கு?"

"கூப்பிடப் போனப்ப, வாய்க்கா அகலத்தைக் கேட்டுட்டு ஆசாரி எங்கிட்ட மொதல்ல சொன்னதே எட்டுதான். நீங்க பாதியாக்குவீங்கன்னு நான்தான் பதினாறு சொல்லச் சொன்னேன்."

கோபம் வர வேண்டிய இடம். வரவில்லை. தன்னைவிடப் பெரிய வியாபாரியைச் சந்தையில் கண்டதுபோல அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஏதோ உறைத்தது.

"அப்போ தீவாளிக்கு நாலு சேலை கேட்டியே? நான் ரெண்டுல நிறுத்துனேனே?"

"எனக்கு ஒண்ணு போதும். இன்னொண்ணு எங்க அக்காவுக்கு."