சும்மா கூட வந்தவர்

தயாளனுக்குப் பத்து வருஷமாகத் தொண்டையில் ஒரு வாக்கியம் சிக்கிக் கிடந்தது. நீளமான வாக்கியம் இல்லை. கெட்ட வார்த்தையும் இல்லை. "சார், ஒரு அஞ்சு நிமிஷம் வெளிய உக்காருங்க." அவ்வளவுதான். அதைச் சொல்வதற்காகவே, முடிச்சூர் ரோட்டில் இருக்கும் தன் கார் ஸ்டீரியோ கடை வாசலில் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று வாங்கிப் போட்டான். அதன் மேல் அன்றைய பேப்பரை வைத்தான். வெயில் படாமல் ஷீட்டை இழுத்துவிட்டான். அந்த நாற்காலியில் கூரியர்காரர் உட்கார்ந்தார், கேபிள் டிவிக்காரர் உட்கார்ந்தார், ஒரு மழைக்காலம் முழுக்க அதன் அடியில் ஒரு நாய் குட்டிகளோடு குடியிருந்தது. யாருக்காகப் போட்டானோ, அந்த இனத்தில் ஒருத்தர்கூட உட்காரவில்லை.

எந்த இனம் என்கிறீர்களா? கூட வருபவர்.

நம் ஊரில் யாரும் எதையும் தனியாகப் போய் வாங்குவது கிடையாது. மாப்பிள்ளை பார்த்தாலும் மிக்ஸி பார்த்தாலும் விவரம் தெரிந்தவர் ஒருத்தர் கூட வர வேண்டும். பணம் அவருடையது இல்லை. பொருள் போகப்போவது அவர் வீட்டுக்கு இல்லை. அதனாலேயே அவருக்குக் கவலை அதிகம். வாங்க வந்தவர் முதலில் உள்ளே நுழைவார். இவர் வாசற்படியிலேயே நின்று, கடையின் கூரையை ஒரு தடவை பார்ப்பார். கூரையில் என்ன இருக்கிறது? ஒன்றும் இல்லை. ஆனாலும் பார்ப்பார். பிறகு சொல்வார்:

"நான் சும்மா கூட வந்தேன். நீங்க அவருக்கே காட்டுங்க."

அன்றைக்கு வியாபாரம் நடக்காது என்று அர்த்தம்.

தயாளன் கடைக்கு வாய்த்தவர் பெயர் ஏசுபாதம். ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்து ரிட்டையர் ஆனவர். சொந்தமாகக் கார் கிடையாது. ஸ்கூட்டர் ஒன்று இருக்கிறது, அதில் ஹாரன்கூட அடிக்காது. 2015 வெள்ளத்தில் முடிச்சூரில் பாதிக் கார்கள் முங்கி, கதவுகளில் இருந்த ஸ்பீக்கரெல்லாம் ஊறிப்போனபோது, நிலபுலன் வைத்திருக்கும் தட்சிணாமூர்த்தியோடு முதல்முறை சும்மா கூட வந்தார். அதிலிருந்து தெருவில் யார் காரில் பாட்டுக் கரகரத்தாலும் ஏசுபாதத்துக்குத்தான் முதலில் தகவல் போகும்.

அவருடைய முறை எப்போதும் ஒன்றுதான்: ஆம்ப்ளிஃபயரை ஒரு கையால் தூக்கி, "வெயிட்டே இல்லையே" என்று கீழே வைத்து, ஸ்பீக்கரை மடக்கிய விரலால் இளநீர்க்காய் மாதிரி தட்டி, அட்டைப் பெட்டியைத் திருப்பி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, கீழே பொடி எழுத்தில் இருப்பதைக் கடைசி வரி வரைக்கும் படித்து, "இதுல முந்தின மாடல் ஒண்ணு வந்துது, அது மாதிரி வராது" என்று பெருமூச்சு விட்டு, கடைக்காரன் வரவழைத்த டீயைக் குடித்து, டீயிலும் முந்தின மாடலைத் தேடிவிட்டு, கடைசியில் கண்ணை மூடி ஒரு விரலை உயர்த்துவார். விரல் உயர்ந்தால் எல்லாரும் வாயை மூட வேண்டும். பாட்டு ஓடும்.

"இன்னும் கொஞ்சம் ஏத்து."

ஏற்றுவான்.

"இன்னும்."

எதிர்க்கடை மெடிக்கல்காரர் எட்டிப் பார்ப்பார். இவர் தலையை ஆட்டுவார். "சத்தம் வருது. சங்கீதம் வரல."

தட்சிணாமூர்த்தி காருக்கு அவர் தேர்ந்தெடுத்துக் கொடுத்த ஆம்ப்ளிஃபயர் ஒரு கல்யாண மண்டபத்துக்குப் போதும். அதோடு வந்த ஸ்பீக்கர் பெட்டி டிக்கி முழுக்க அடைத்துக்கொண்டது. அரிசி மூட்டையைப் பின்சீட்டில் உட்கார வைத்துக் கூட்டிப் போனார்கள். பாட்டுப் போட்டால் நம்பர் பிளேட் தனியாகத் தாளம் போட்டது. "கதவுக்குள்ள அதிர்வை அடக்குற ஷீட் ஒட்டி, அளவான ஸ்பீக்கர் போட்டா போதும் சார்" என்று தயாளன் சொன்னதை யார் கேட்டார்கள்? கூட வந்தவர் சொன்னால் அது அறிவு. கடைக்காரன் சொன்னால் அது வியாபாரம். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு இருபத்தைந்து வருஷம் ஸ்பீக்கரோடு குடித்தனம் நடத்திய காது அவனுடையது. அந்தக் காது சொன்ன ஒரு செட்டையாவது ஏசுபாதம் முன்னால் விற்றுவிட வேண்டும், அல்லது அவரை வெளியே உட்கார வைக்க வேண்டும். இரண்டில் ஒன்று நடந்தால் தயாளன் நிம்மதியாக இருப்பான். ஆனால் அவரை வெளியே உட்காரச் சொன்னால் வாங்க வந்தவனும் சேர்ந்தே எழுந்து போவான். எப்படிச் சொல்வது?

போன மாதம் ஷெர்வின் என்ற பையனைக் கூட்டி வந்தார். சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் கம்பெனியில் வேலை. பழைய கார் வாங்கியிருந்தான். போக வர இரண்டு மணி நேரம் ஜி.எஸ்.டி. ரோட்டில் ஓட்டுகிறான், பாட்டுத் தெளிவாகக் கேட்டால் போதும் என்றான். இவ்வளவு சுலபமான ஆளைத் தயாளன் பார்த்ததே இல்லை. கதவுக்கு ஒரு ஜோடி, அதற்கேற்ற சின்ன ஆம்ப்ளிஃபயர் என்று எடுத்து வைத்தான்.

"வெயிட்டே இல்லையே" என்றார் ஏசுபாதம்.

"வெயிட்ட இன்னா சார் பண்றது, எடைக்கா போடப் போறோம்?"

"நீ போடு, கேப்போம்."

கண் மூடியது. விரல் உயர்ந்தது. தயாளன் சுவரில் இருந்த போர்டில் முதலில் ட்வீட்டரை மட்டும் தட்டிவிட்டான். ட்வீட்டர் என்பது ரூபாய்க் காசு அளவில் இருக்கும் சின்ன ஸ்பீக்கர்; ஜால்ரா, சலங்கை போன்ற கூர்மையான சத்தமெல்லாம் அதன் வழியாகத்தான் வரும். அவசரத்தில் சத்தத்தைக் குறைக்க மறந்துவிட்டான். ஊசி மாதிரி கிளம்பியது. ஷெர்வின் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டான்.

ஏசுபாதம் அசையவில்லை. விரல் அப்படியே நின்றது. பிறகு கண்ணை மூடியபடியே கேட்டார்:

"போடுப்பா. ஏன் நிக்குற?"

தயாளனின் கை சுவிட்சிலேயே நின்றது. பத்து வருஷக் கணக்கை ஒரே வரியில் தீர்த்திருக்கலாம். "ஓடிகினுதான் கீது சார்." மூணே வார்த்தை. அந்தப் பையன் முன்னால் சொல்லியிருந்தால் சாயங்காலத்துக்குள் முடிச்சூர் முழுக்கப் போயிருக்கும். "இன்னும் கொஞ்சம் ஏத்து" என்று வருஷா வருஷம் அவர் கேட்டதற்கெல்லாம் அர்த்தம் விளங்கியிருக்கும்.

"ஒயரு லூஸ் சார்" என்றான்.

ஏன் அப்படிச் சொன்னான் என்று அவனைக் கேட்டால் முறைப்பான். கேட்காதீர்கள்.

ஏசுபாதம் கண்ணைத் திறந்தார். காதைப் பொத்தியிருந்த ஷெர்வினைப் பார்த்தார். போர்டில் ட்வீட்டர் சுவிட்சுக்கு மேல் எரிந்துகொண்டிருந்த சின்ன விளக்கைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இதையே போட்டுடு தயாளா" என்றார். "நீ சொன்னா சரியா இருக்கும்."

தயாளன் பத்து வருஷம் காத்திருந்த வார்த்தை அது. ஷெர்வின் காரில் ஷீட் ஒட்டி, ஸ்பீக்கர் மாட்டி முடித்தபோது, பாட்டு அவன் சொன்னது மாதிரியே தெளிவாகக் கேட்டது. தயாளனுக்குச் சந்தோஷம் மட்டும் வரவில்லை.

அடுத்த வாரம் ஏசுபாதம் தனியாக வந்தார். வாசலில் நின்று கூரையைப் பார்க்கவில்லை.

"காதுக்கு மெஷின் வாங்கணும். அதப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. ஏமாத்திடுவாங்க. நீ வாயேன்."

"நான் அங்க வந்து இன்னா சார் பண்ணப் போறேன்?"

"சும்மா கூட வா."

தயாளன் கடையைச் சாத்தினான். சட்டை மாற்றிக்கொண்டான். தலைகூடச் சீவினான்.

காது மெஷின் விற்கும் கடை மேற்குத் தாம்பரத்தில், மாடியில் இருந்தது. ஏசுபாதம் முதலில் உள்ளே போனார். தயாளன் வாசற்படியிலேயே நின்று கூரையைப் பார்த்தான். உள்ளே இருந்த பெண், ஓவியா என்று சட்டையில் பெயர் குத்தியிருந்தது, இருவரையும் பார்த்து, "யாருக்கு சார்?" என்றாள்.

"அவருக்கும்மா. நான் சும்மா கூட வந்தேன். நீ அவருக்கே காட்டு."

அவள் அவரைத் தனி அறையில் உட்கார வைத்துச் சோதித்தாள். திரும்பி வந்து மேஜையில் இரண்டு மெஷினை வைத்தாள். தயாளன் ஒன்றை எடுத்து உள்ளங்கையில் போட்டுக் குலுக்கினான்.

"வெயிட்டே இல்லையே?"

"காதுல மாட்டுறது சார்."

"அது தெரியும்மா. இன்னா வாட்ஸு?"

"வாட்ஸெல்லாம் இல்ல சார். பதினாறு சேனல்."

"பதினாறா? நான் காருக்கே நாலுதான் போடறேன். இவரு ஒரு ஆளு, ரெண்டு காது. எதுக்கும்மா அத்தினி?" பெட்டியைத் திருப்பினான். பொடி எழுத்தை வெளிச்சத்தில் பிடித்தான். "இதுல முந்தின மாடல் இருந்துச்சே, அது இன்னா ஆச்சு?"

முந்தின மாடல் எது என்று அவனுக்கு எப்படித் தெரியும்? தெரியாது. நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். போன தடவை மைத்துனருக்குக் குளியலறை டைல்ஸ் எடுக்கப் போனபோது, ஒரு டைல்ஸைக் கையில் வாங்கி, காதுக்குப் பக்கத்தில் வைத்துச் சுண்டிப் பார்த்தது யார்? அந்தக் கடைக்காரர் உங்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தாரே, அது மரியாதையால் என்றா நினைத்தீர்கள்? அவர் கடை வாசலிலும் ஒரு நாற்காலி கிடந்தது. உங்கள் கண்ணில் படவில்லை.

ஓவியா ஒரு மெஷினை ஏசுபாதத்தின் காதில் மாட்டி, கம்ப்யூட்டரில் ஏதோ தட்டினாள். அவர் நிமிர்ந்தார். முதலில் ஃபேனைப் பார்த்தார். பிறகு ஜன்னலைப் பார்த்தார். கீழே ரோட்டில் பஸ் ஹாரன். அவள் கையில் பேப்பர் கசங்கியதற்குத் திரும்பினார். முகம் மெல்ல மெல்ல விரிந்தது. கண்ணை மூடி, ஒரு விரலை உயர்த்தினார்.

தயாளன் விடவில்லை. "சார், இன்னும் கொஞ்சம் ஏத்தச் சொல்லுங்க. சத்தம் வந்தா பத்தாது சார், சங்கீதம் வரணும். ஏம்மா, ட்ரெபிள் தனியா வைக்கலாமா இதுல? டெமோவுக்கு வேற ஒண்ணு எடும்மா, இவருக்கு ஒண்ணும் தெரியாது, நான் கூட வந்தது எதுக்கு..."

ஏசுபாதம் கண்ணைத் திறந்தார். பத்து வருஷத்தில் முதல் தடவையாகத் தயாளன் பேசியதில் ஒவ்வொரு எழுத்தும் அவர் காதில் சுத்தமாக விழுந்திருந்தது.

"தயாளா" என்றார். "வெளிய சேர் போட்டிருக்காங்க பாரு. ஒரு அஞ்சு நிமிஷம் போய் உக்காரு."