சுரைக்காய் மேல் விழுந்த பழி

"திங்கட்கிழமையிலேருந்து நானே துப்புத் துலக்கப் போறேன்!" என்று அறிவித்தார் லிஃப்ட் மெக்கானிக். கையில் புத்தம்புது நோட்டு. காதில் பேனா.

"எதை?" என்றாள் மனைவி, அச்சுத்தாளிலிருந்து தலையைத் தூக்காமல். பதிப்பகத்தில் பிழை திருத்துவது அவள் வேலை.

"என் உடம்புக்குள்ள கலகம் பண்றவன் எவன்னு."

எட்டு மாதமாக நடக்கிறது அந்தக் கலகம். சாப்பிட்டது கீழே இறங்காமல் மேல்வயிற்றில் பாதி மாடியில் நின்றுவிடும். அமிலம் மட்டும் விறுவிறுவென்று தொண்டைவரை ஏறி வரும். ஊரில் உள்ள லிஃப்டுகளை எல்லாம் ஒழுங்காக ஏற்றி இறக்குகிறவருக்கு இந்த ஒன்று மட்டும் பிடிபடவில்லை. போதாக்குறைக்குக் காது சிவக்கும், கழுத்து தடிக்கும், அரிப்பு பிடுங்கித் தின்னும். கடைசியில் ஒரு டாக்டர் அதற்கு ஒரு பெயர் சொன்னார். மாஸ்ட் செல் கோளாறு.

"செல்லா? அப்பவே சொன்னேன் டாக்டர், எந்நேரமும் செல்லும் கையுமா இருக்கார்னு" என்றாள் மனைவி.

"அந்தச் செல் இல்லம்மா. இதுங்க உடம்போட காவல்காரங்க. திருடன் வந்தாத்தான் விசில் அடிக்கணும். இவருக்குத் தபால்காரர் வந்தாலும் அடிக்கறாங்க. வயித்துலயும் அவங்கதான், தோல்லயும் அவங்கதான்."

பழைய சீஸ், தக்காளி, புளிக்கவைத்தது, மிச்சம் மீதி எதுவும் கூடாது. சமைத்த சூட்டோடு, கொஞ்சம் கொஞ்சமாக, ஆறு வேளை. ஒரு மாத்திரை சாப்பாட்டுக்கு முன், இன்னொன்று சாப்பாட்டுக்குப் பின். ஆறு வேளை சாப்பிடுகிறவனுக்கு எது முன், எது பின் என்று மெக்கானிக்குக் குழப்பம். கோபப்படக் கூடாது, அதுவும் கிளப்பிவிடும் என்றார் டாக்டர். அந்தப் பத்தியத்தை மட்டும் மெக்கானிக் கல்யாணத்தன்றே ஆரம்பித்துவிட்டார்.

தின்றது என்ன, பட்டது என்ன என்று தினமும் எழுதி வரவேண்டும். அதற்குத்தான் நோட்டு.

திங்கட்கிழமை: சோறு, வெந்த சுரைக்காய். தொந்தரவு இல்லை, மகிழ்ச்சியும் இல்லை.

செவ்வாய்க்கிழமை அவர் லிஃப்ட் பார்க்கப் போன கட்டடத்துக்கு எதிரே, தெருச் சந்தியில், ஒரு பேக்கரி. கண்ணாடிக்குள் சீஸ் பன். மேலே சிவப்புச் சாஸ். பேக்கரி அக்கா அவர் முகத்தைப் பார்த்தாள். சட்டென்று உள்ளே போய் ஒரு பன்னைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"இது உங்களுக்காகவே சூடா எடுத்தது சார்."

தின்றார். காதைத் தொட்டுப் பார்த்தார். குளுகுளு என்று இருந்தது. நெஞ்சு எரியவில்லை. புதன்கிழமையும் தின்றார். ஒன்றுமே ஆகவில்லை. அப்படியானால் சீஸ் நிரபராதி! நிரபராதியின் பெயரை நோட்டில் ஏற்றுவது பாவம் அல்லவா? ஏற்றவில்லை.

வியாழக்கிழமை பேக்கரியில் அக்கா இல்லை, அவள் தம்பி நின்றான். அதே பன். அரை மணி நேரத்தில் காது இரண்டும் சிவப்பு விளக்கு. கழுத்தில் தடிப்பு. லிஃப்ட் ஆறாம் மாடிக்கு ஏறுமுன் அமிலம் தொண்டைக்கு ஏறிவிட்டது. அப்படியே லிஃப்டுக்குள் உட்கார்ந்துவிட்டார். மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டு யோசித்தார். சீஸ்தான் இரண்டு நாள் சோதனையில் தேறிவிட்டதே? மிச்சம் இருப்பது சுரைக்காய். அதுவும் மூன்று நாளாகச் சும்மாதான் இருந்தது என்பது நினைவுக்கு வந்தது. ஆனாலும் சுரைக்காய் முகத்திலேயே ஒரு திருட்டுக்களை உண்டு. நோட்டில் எழுதினார்: குற்றவாளி, சுரைக்காய்.

சனிக்கிழமை டாக்டர் நோட்டைப் படித்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

"சுரைக்காய்க்கா இவ்வளவு?"

"ஆமா டாக்டர். பார்க்கத்தான் சாது."

"அப்போ நான் நினைச்சதைவிட மோசமா இருக்கே. மருந்தை எல்லாம் மாத்தணும். திங்கட்கிழமை மறுபடியும் வாய் வழியா குழாய் விட்டுப் பார்த்துடலாம்."

போன தடவை குழாய் விட்டபோது நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு "அம்மா" என்று அலறியவர் அவர். மனைவியைப் பார்த்தார். அவள் சுவரில் இருந்த வயிற்றுப் படத்தை வெகு சிரத்தையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டாக்டர்... சுரைக்காய் கூட... ஒரு பன்னும்..."

"எத்தனை பன்?"

"மூணு. ஆனா டாக்டர், முதல் ரெண்டும் ஒண்ணுமே பண்ணலை! சீஸ் வெச்சது, தக்காளி சாஸ் போட்டது! எனக்கு ஒண்ணும் புரியலை!"

"எனக்கும் புரியலை" என்றார் டாக்டர்.

மனைவி பையைத் திறந்து ஒரு தாளை மேசைமேல் வைத்தாள். நோட்டின் நகல். பக்கம் முழுக்கச் சிவப்பு மை.

"முதல் ரெண்டு நாளும் அது சீஸ் இல்ல டாக்டர். காலையில நானே பாலைத் திரிச்சுக் கொடுத்தது. சாஸும் தக்காளி இல்ல, பீட்ரூட். நோட்டு வாங்கின அன்னைக்கே பேக்கரி அக்காகிட்ட சொல்லி வெச்சுட்டேன், இந்த வாரம் எதிர்க் கட்டடத்துல வேலை, இவர் எப்படியும் வருவார்னு. வியாழக்கிழமை அவங்க ஒரு கல்யாணத்துக்குப் போயிட்டாங்க. தம்பி நிஜ பன்னைக் கொடுத்துட்டான்."

"நீ... நோட்டைப் படிச்சியா?"

"பிழை திருத்தறதுதானேங்க என் பிழைப்பு? இது சந்திப் பிழை. பேக்கரிச் சந்தியில நடந்தது."

டாக்டர் சிரித்துச் சிரித்துக் கண்ணீர் விட்டார். குழாய் வேண்டாம் என்றார். மருந்தும் அதேதான். அந்தத் தாளை எடுத்து ஃபைலில் வைத்துக்கொண்டார். இனிமேல் நோட்டு எழுதுவது அந்த அம்மாவாகவே இருக்கட்டும் என்றும் சொல்லிவிட்டார்.

மெக்கானிக்கின் தலை சுற்றியது. சீஸ் என்று தின்றது சீஸ் இல்லை. சாஸ் சாஸ் இல்லை. நாக்கு தன்னுடையதுதானா என்றே சந்தேகமாக இருந்தது.

டாக்டர் பேனாவை எடுத்தார். "சரி, அதை விடுங்க. இப்போ உங்களுக்கு எப்படி இருக்கு?"

அவர் வாயைத் திறந்தார். வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். காதைத் தொட்டுப் பார்த்தார். பிறகு மெதுவாக மனைவி பக்கம் திரும்பினார்.

"எனக்கு இப்போ எப்படிம்மா இருக்கு?"